எனக்கு ஏற வேண்டிய எடை

மாமா,

இன்று காலை திரிபோஷா மாவு வறுபடும் வாசம் வந்ததும் என் கண் முதலில் அடுப்படிக் கதவைத்தான் பார்த்தது, நீங்கள் வருகிறீர்களா என்று. உங்கள் செல்ல மகளுக்கு இது ஐந்தாம் மாதம். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அந்தச் சத்துமாவுப் பைக்கற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தேன். கூட வந்த அவள் மாப்பிள்ளை ஒன்றுக்குக் கை நீட்டினார். கையில் ஓர் அடி போட்டேன். பாவம், அது உங்களுக்கு விழ வேண்டிய அடி.

என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, கலஹாவுக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளினிக்குப் போவதென்றால் மலை இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அன்றைக்கு அரைச் சம்பளம்தான். அதனால் நான் பல மாதம் போகவில்லை. போன மாதங்களில் கிடைத்த மாவை அத்தை உருண்டை பிடித்து எல்லோருக்கும் கொடுப்பார். வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்து வீட்டில் ஒருத்திக்கு மட்டும் என்று எந்தப் பண்டம் இருந்தது? தேயிலை ஃபெக்டரி வேலையை விட்டு வீட்டோடு இருந்த உங்களுக்கு பிளேன்டீயோடு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அத்தை கொழுந்து பறிக்கப் போன பிறகு உள்ளே போனவை தனி. “மருந்துச் சாமான், கெட்டுப் போறதுக்குள்ள முடிக்கணும்” என்பீர்கள், எனக்குப் பெரிய உதவி செய்கிற மாதிரி. நான் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டேன். நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான்.

ஏழாம் மாதம் மிட்வைஃப் மிஸ் தராசோடு வீட்டுக்கே வந்துவிட்டார். எடை ஏறவில்லை. கண்ணை இழுத்துப் பார்த்து, இரத்தமும் இல்லை என்றார். “புள்ள ரொம்பச் சின்னதா இருக்கு. இப்படியே போனா ரெண்டு உசுருக்கும் ஆபத்து. குடுக்குற மாவ சாப்புடுறீங்களா, இல்லையா?”

அந்த நேரம் பார்த்து நீங்கள் உள்ளேயிருந்து வந்தீர்கள், மீசையெல்லாம் மாவு. மிஸ் உங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“ஐயா, நீங்க கொஞ்சம் இதுல ஏறுங்க.”

இலவச வைத்தியம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினீர்கள். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு மிஸ் கேட்டார்: “உங்களுக்கு இது எத்தனையாவது மாசம்?”

லயமே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு அத்தையிடம் மெதுவாக, “ரெண்டு உசுருக்குமா ஆபத்துன்னாங்க?” என்று கேட்டீர்கள்.

அன்று மாலையே சட்டம் மாறியது. “மொதல்ல நீ சாப்புடு தாயி. அப்பறம் நாங்க.” எதிரில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து என் வாயையே பார்ப்பீர்கள். அப்படிப் பார்த்தால் யாருக்குச் சோறு இறங்கும்? என் வீட்டுக்காரர், உங்கள் மகன், பசியில் முனகினால் ஒரு முறைப்பு. கிளினிக் நாளில் குடையோடு நீங்களே கூட்டிப் போய், எனக்காக வரிசையில் இடம் பிடித்தீர்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் வரிசையில் ஓர் ஆள் தொந்தியோடு நிற்க, யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பேரன் நல்ல எடையோடு பிறந்தான்.

இரண்டாவது பிள்ளை என் வயிற்றில் இருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். உங்களைத் தூக்கும்வரை வீட்டில் யாரும் வாயில் எதுவும் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா எனக்கு மட்டும் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்ததும் முணுமுணுப்பு எழுந்தது. உங்கள் தலைமாட்டில் இருந்த அத்தை அழுகையை நிறுத்தினார்.

“அவ சாப்புடட்டும். அவ தின்னு முடிக்காம இந்த மனுசன் எந்திரிச்சுப் போனதே இல்ல.”

உங்களுக்கு எதிரே உட்கார்ந்து, அழுதுகொண்டே முழு ரொட்டியையும் தின்றேன். அதன் பிறகுதான் உங்களைத் தூக்கினார்கள். இன்றைக்கும் நான்தான் முதலில் சாப்பிடுகிறேன், மாமா. யாராவது அவசரப்படுத்தினால், இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்கிறேன்.