கல்பாக்கை உயர்த்திக் காட்டிய படம்

கோக்-ஜார் கிராமம்,
நவம்பர் கடைசிப் புதன்கிழமை.

மதிப்பிற்குரிய தௌலெத் மாமா அவர்களுக்கு,

சல்தனத் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எங்களுக்குச் சாதகமாக இல்லாததையும் விடமாட்டேன். பாதியை மறைத்துவிட்டு உதவி கேட்பது முறையல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீங்கள் வேறு யாருக்காவது காட்ட வேண்டி வரலாம்.

உங்கள் கைப்பேசி பல நாளாக அணைந்தே இருக்கிறது. சைகா மான்களைத் தேடிப் புல்வெளிப் பக்கம் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் நீங்கள் தந்துவிட்டுப் போன அட்டையில் இருக்கும் அல்மாத்தி முகவரிக்கு எழுதுகிறேன். நாளைக் காலை கம்பளி ஏற்றிக்கொண்டு போகும் லாரியில் இது வரும்.

குபாத் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மலையாட்டைச் சுட்டதாக வழக்கு. சாட்சி என்று அவர்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், மலையாடுகளைப் படமெடுக்க எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது நீங்கள் எடுத்த படம். உங்கள் மேல் எங்களுக்குத் துளியும் வருத்தமில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று அம்மா சொன்னார்.

நீங்கள் ஊருக்குப் போனதும் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தீர்கள் அல்லவா? அண்ணன் மலைமுகட்டில் நிற்கிறார், முதுகில் ஓநாய்க்கு வைத்திருக்கும் துப்பாக்கி, கையில் உயர்த்திப் பிடித்த வெள்ளைக் கல்பாக் தொப்பி. அம்மா அதை விருந்தினர் அறையில் வாசலுக்கு நேர் எதிரே, தாத்தாவின் பதக்கத்துக்கும் மேலே மாட்டினார். யார் வந்தாலும் தேநீருக்கு முன்னால் படம்தான். “எம் பையனப் பாருங்க, சினிமாக்காரன் மாதிரி இல்ல?” என்பார். பக்கத்து வீட்டு அத்தை, “பையன் இருக்கட்டும், அந்தத் தொப்பியத் துவைக்கக் கூடாதா?” என்று கேட்டதற்காக அம்மா ஒரு வாரம் அவளோடு பேசவே இல்லை.

அந்த நேரத்தில்தான் காஷ்கா பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் ஒரு பெரிய மலையாட்டுக் கிடாவின் உடல் கிடைத்தது. கொம்பை வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். யார் சுட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மாவட்டத்திலிருந்து வேட்டைத் தடுப்பு அதிகாரி விசாரிக்க வந்தார். வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். வந்தவரை உட்காரவைத்து, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் பாலேடும் வைத்து, அம்மா வழக்கம்போலப் படத்தைக் காட்டினார்.

அவர் முதலில் தலையாட்டிச் சிரித்தார். பிறகு எழுந்து கண்ணாடியில் மூக்கு படும்படி பார்த்தார். அண்ணனின் காலடிக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒன்று கிடக்கிறது. அதில் வளைந்த கொம்பு இருக்கிறது, அப்போது இன்னும் வெட்டப்படவில்லை. மாமா, அத்தனை நாளும் நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. எல்லோரும் முகத்தை மட்டும்தான் பார்த்தோம். நீங்களும் அப்படித்தான் பார்த்திருப்பீர்கள்.

“தம்பி, இது நீதானே?” என்று கேட்டார். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு, “நானேதான் ஐயா, நல்லா வந்திருக்கில்ல?” என்றார்.

அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, படத்தையும் கழற்றி எடுத்துப் போனார்கள்.

அந்தப் படத்தை எடுப்பதற்கு முந்தின சாயங்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கம்பளத்தின் மேல் எல்லா லென்ஸையும் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தீர்கள். நீளமான வெள்ளை லென்ஸ், இலேசான ஜூம் லென்ஸ், கைக்கடக்கமான சின்ன லென்ஸ், தூரத்தை இன்னும் கிட்டே கொண்டுவர லென்ஸோடு மாட்டும் இரண்டு டெலிகன்வர்ட்டர்கள். அம்மா வெள்ளை லென்ஸைத் தூக்கிப் பார்த்து, “இந்தப் பீரங்கிய வெச்சுக்கிட்டு நெஜமாவே ஆட்டைப் படந்தான் எடுக்கறீங்களா தம்பி?” என்றார். ஜூமை எடுத்துப்போனால் சுமை குறையும், ஆனால் அதில் கன்வர்ட்டரை மாட்டினால் விடிகாலை வெளிச்சத்தில் ஃபோகஸ் பிடிக்காமல் தடுமாறும் என்று எனக்கு விளக்கினீர்கள். வெள்ளை லென்ஸ் நிறைய வெளிச்சத்தை வாங்கும், கன்வர்ட்டர் தின்றது போகவும் மிச்சம் இருக்கும் என்றீர்கள். “சும்மா எதுவும் கெடைக்காது, புரொபசரம்மா. தூரத்தைக் கிட்ட கொண்டு வந்தா, வெளிச்சம் கொஞ்சம் போகும், கூர்மை கொஞ்சம் போகும்.”

ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவான சின்ன கன்வர்ட்டரை மாட்டினால் படம் தெளிவாக இருக்குமே என்று நான் கேட்டேன். ஆடுகள் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கும், இரண்டு மடங்குதான் வேண்டும் என்றீர்கள். அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு, “ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா மாட்டுங்க மாமா, எல்லைக்கு அந்தப் பக்கம் சீனாக்காரன் என்ன சமைக்கிறான்னு பாத்துடலாம்” என்றார். நீங்கள் சிரித்ததில் தேநீர் கம்பளத்தில் சிந்தியது. கறை இன்னும் இருக்கிறது. வெள்ளை லென்ஸை மறுநாள் தன் சேணத்தில் கட்டி, நீங்கள் ஆடுகளுக்காகக் காத்திருந்த கறுப்புப் பாறை வரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவரும் அண்ணன்தான்.

அன்று ஆட்டு மந்தை வரவே இல்லை. காணாமல்போன செம்பழுப்புக் குதிரையைத் தேடிக்கொண்டு அண்ணன் இந்தப் பக்கத்து முகட்டில் ஏறினார். பாறையருகே நீங்கள் இருப்பது தெரியும் என்பதால் திரும்பி நின்று கல்பாக்கை உயர்த்திக் காட்டினார். மலையில் விருந்தாளியைக் கண்டால் வழி நல்லபடியாக இருக்கிறது என்று சொல்ல நாங்கள் அப்படித்தான் செய்வோம். நீங்கள் மாட்டியிருந்த லென்ஸிலேயே எடுத்தீர்கள்.

அந்த அதிகாரி இந்தக் கையைத்தான் திரும்பத் திரும்பத் தொட்டுக் காட்டுகிறார். வேட்டை விழுந்த சந்தோஷத்தில் தொப்பியை வீசுகிறானாம்.

அண்ணன் நின்றது இந்தப் பக்கத்து முகடு. ஆடு கிடந்தது எதிர்ச்சரிவு. நடுவில் முழுப் பள்ளத்தாக்கும் இருக்கிறது. குதிரையிலேயே சுற்றிக்கொண்டு போக அரை நாள் ஆகும். ஆனால் படத்தில் பள்ளத்தாக்கு இல்லை. முகட்டின் கல்லும் சரிவின் கல்லும் ஒரே நிறத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நீண்ட லென்ஸ் தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவருவதோடு நிற்காது, முன்னும் பின்னும் இருப்பவற்றை ஒன்றோடொன்று அப்பிவிடும் என்று நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள். அப்போது அதை ஒரு வேடிக்கையாகத்தான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அதிகாரியிடம் இதைச் சொல்ல அம்மாவும் நானும் மாவட்ட நகரத்துக்குப் போனோம். பள்ளிக்கூடத்திலிருந்து பைனாகுலரை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவருடைய சன்னலிலிருந்து தெருவிளக்குக் கம்பங்களைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்தார்.

“ஆமா, எல்லாம் தோள்மேல கை போட்டுக்கிட்டு நிக்குது.”

“வெறும் கண்ணால பாருங்க ஐயா, நடுவுல எத்தன கடை இருக்கு!”

“இருக்கு. ஆனா கம்பத்தை யாரும் சுடலையேம்மா.”

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் மிட்டாய் கொடுத்தார். அவர் கெட்டவர் என்று எழுத முடியவில்லை. தன் மகளும் என் வகுப்புதான் என்றார்.

நான் விடவில்லை. அண்ணனின் தொப்பியில் தையல்கூடத் தெரிகிறது, ஆட்டின் கொம்பு மட்டும் மங்கலாக இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் தெளிவாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் மறுபடியும் படத்தை எடுத்துப் பார்த்தார். நான் முன்பே சொல்லியிருந்த இரண்டு மடங்கு கன்வர்ட்டரைப் போட்டால் கூர்மை குறையுமா என்று கேட்டார். குறையும் என்றேன். உண்மை அதுதானே? “அப்போ மங்கலுக்கு அதுதாம்மா காரணம்” என்று சொல்லி, நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார். ஆடு அண்ணனைவிட ரொம்பச் சின்னதாகத் தெரிகிறதே என்றேன். குழியில் பாதி புதைந்து கிடக்கும் என்றார்.

அண்ணனைப் பார்க்க விட்டார்கள். மெலிந்திருக்கிறார். “ஏய் புத்தகப்பூச்சி, அழாத. மூஞ்சி நல்லா வந்துடுச்சு, அதான் இவ்வளவு பிரச்சினை. கொஞ்சம் அசைஞ்சிருந்தா வீட்லயே இருந்திருப்பேன்” என்றார். குதிரை திரும்பி வந்ததா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். அது உண்மை. பிறகு குரலைத் தாழ்த்தி, பின்னால் ஆடு கிடந்தது சத்தியமாக எனக்குத் தெரியாது, மாமாவைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்றார். இதை என்னிடம் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அப்பா சைபீரியாவில் கட்டட வேலையில் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், குபாத் எங்கே என்று கேட்கிறார். மேய்ச்சலுக்குப் போயிருக்கிறான் என்கிறார் அம்மா.

டிசம்பர் நடுவில் வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது. தீர்ப்பு எதிராக வந்தால் சில வருடங்கள் உள்ளே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இப்போது நான் கேட்க வந்தது. “முதல்ல இடத்தை எடு, அப்புறம்தான் ஆளை எடு” என்று சொல்வீர்கள். எங்கே போனாலும் சின்ன லென்ஸை மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அந்த இடம் முழுவதும் தெரியும்படி முதலில் ஒரு படம் எடுப்பீர்கள். அன்றும் கறுப்புப் பாறையில் நின்று அப்படி ஒன்று எடுத்திருந்தால், அதில் முகடு தனியாகவும் சரிவு தனியாகவும், நடுவில் பள்ளத்தாக்கும் தெரியும். அந்த ஒரு படம் போதும். தயவுசெய்து தேடிப் பாருங்கள். கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

இல்லையென்றால், மலைவழி மூடுவதற்குள் அதே லென்ஸோடும் அதே கன்வர்ட்டரோடும் வந்து, அதே பாறையில் நின்று இன்னொரு தடவை எடுத்துக் காட்ட முடியுமா? முகட்டில் நான் போய் நிற்கிறேன். நேற்று முதல் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சின்ன லென்ஸைப் பற்றி வந்ததும் அவர் கையில் இருந்த மாவைத் தட்டில் வைத்துவிட்டார். அன்று காலை நீங்கள் கிளம்பிய பிறகு விருந்தினர் அறையைத் துடைத்தாராம். சன்னல் விளிம்பில், காயப்போட்ட ஆப்ரிகாட் பழங்களுக்குப் பக்கத்தில், உங்கள் சின்ன லென்ஸ் போலக் கறுப்பாக ஒன்று இருந்ததாம். கண்ணாடி என்பதால் தொட பயந்து, அதைச் சுற்றி மட்டும் துடைத்தாராம். “அந்த நாள்தானா அம்மா? வேற நாளா இருக்காதா?” என்று கேட்டேன். “அந்த நாள்தான். அன்னிக்குத்தானே கம்பளத்துல டீக்கறையத் தேய்ச்சேன்” என்றார்.

இந்த வரிகளை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு நினைவு பிசகியிருக்கலாம். நீங்கள் கைப்பேசியிலாவது எடுத்திருக்கலாம். தேடிப் பாருங்கள் மாமா.

எங்கே இருந்தாலும் உங்கள் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். அத்தைக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் சலாம்.

உங்கள் வரவை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,
சல்தனத்

பின்குறிப்பு: ஆண்பிள்ளை மலையிலிருந்து இறங்கும்வரை விருந்தினர் அறை விளக்கை அணைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அண்ணன் போனதிலிருந்து அது இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. இப்போது உறையை ஒட்டப் போனபோது பார்த்தேன். படம் மாட்டியிருந்த இடம் சுவரில் வெளிறிக் கிடந்தது. அம்மா சன்னல் விளிம்பைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டார்.