மதிய உணவு, குளியல், இலவசம்

அன்பு மகன் வாருஜுக்கு, கவாரிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் இடது கணுக்கால் நீங்கலாக. அங்கே லியோனில் நீயும், நான் இன்னும் முகம் பார்க்காத எலோடி பெண்ணும், நீங்கள் முதுகில் சுமந்து வரப்போகிற கூடாரமும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய், போனில் சொன்னால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதோடு உன் அப்பா மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்திலேயே காவல் இருக்கிறார், உன்னிடம் எதையும் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. எதிர்வீட்டு சிரானுஷின் மகள் விடுமுறை முடிந்து லியோனுக்குத் திரும்புகிறாள், அவள் பெட்டியில் இதையும் கொஞ்சம் ஆப்ரிகாட் வற்றலையும் வைத்து அனுப்புகிறேன். வற்றலை உன் பயணச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உன் ரகசியம் பத்திரமாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தைக்குத் தெரியவே கூடாது என்று நீ என் அண்ணன் மகன் லெர்னிக்கிடம் சொல்லியிருந்தாய் அல்லவா, அவனும் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, முடிவெட்டுகிறவரிடமும், பஸ் நிலையத்திலும், உருளைக்கிழங்கு மண்டியிலும் மட்டும்தான் சொல்லியிருக்கிறான். நான் ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரி கேட்கிறாள், “என்ன கோஹர் அக்கா, உங்க பையன் நம்ம ஊருக்கு டூரிஸ்டா வரானாமே, ஓட்டல் எல்லாம் பாத்தாச்சா?” எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவளே தொடர்ந்து, “ஓட்டல்கூட இல்லையாம், கூடாரமாம், சாமி, அந்தப் பிள்ளைக்கு பிரான்சுல வேலை போயிடுச்சா?” என்று சிலுவை போட்டுக்கொண்டாள். உனக்காக இரங்கி எனக்கு ஒரு ரொட்டி அதிகமாகக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே லெர்னிக்கைச் சாப்பிடக் கூப்பிட்டேன். செவான் ஏரி மீனை வெண்ணெயில் வறுத்து வைத்தேன், பாவம், முதல் மீனின் முள்ளை எடுத்து முடிப்பதற்குள் போனை எடுத்து உன் திட்டத்தை என்னிடம் காட்டிவிட்டான்.

படித்தேன் மகனே, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். குறைந்த செலவில் ஆர்மேனியா, யார் உதவியும் இல்லாத சாகசப் பயணம் என்று தலைப்பு. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பனியில் சறுக்கி முன்பல்லை உடைத்துக்கொண்ட பிள்ளைக்கு இது சாகசம்தான், ஒத்துக்கொள்கிறேன். மலைத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்க ஒரு கருவி வாங்கியிருக்கிறாயாம், அந்தத் தண்ணீரில்தான் உனக்குக் கஞ்சி காய்ச்சினேன், வடிகட்டாததால்தான் நீ இப்படி ஆகிவிட்டாய் போலிருக்கிறது. தினமும் நூடுல்ஸாம். லிஃப்ட் பழுதுபார்த்துச் சம்பாதிக்கிறவன் ரோட்டோரம் நின்று லிஃப்ட் கேட்டு ஊர் ஊராகப் போவானாம். உள்ளூர் மக்கள் அன்பானவர்கள், வீட்டுக்குக் கூப்பிட்டால் விடமாட்டார்கள், நேரம் வீணாகும், கவனம் என்று எழுதியிருக்கிறாய், நல்ல எச்சரிக்கை, எலோடி பத்திரமாக இருக்கட்டும். எல்லாம் சரி. அஜ்தஹாக் மலையை விட்டு இறங்குகிற அன்றைக்கு நேராக என்ன எழுதியிருந்தாய் என்பது உனக்கு நினைவிருக்கிறதா? கவார், பெற்றோர் வீடு, மதிய உணவு, குளியல், இலவசம், பிற்பகல் ஏரிக்குப் புறப்பாடு. ஏழு வருடம் கழித்து வருகிற மகனுக்கு நாங்கள் ஒரு சோற்றுக்கடையும் ஒரு குளியலறையும். இலவசம் என்று போட்டதற்கு நன்றி, நான் கொஞ்சம் கட்டணம் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோபத்தில் லெர்னிக்கின் போனைப் பிடுங்கி உன் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் சத்தம் போடுவார், எனக்கும் மனசு ஆறும் என்று நினைத்தேன். அவர் மெதுவாகப் படித்தார், திரும்பவும் மேலே போய்ப் படித்தார், பிறகு, “ஓஸ்மானோட ஆட்டுப்பட்டிக்குக் கீழ இருக்கிற ஓடையை இவன் நினைக்கிற இடத்துல கடக்க முடியாது, பனி உருகி இழுத்துட்டுப் போயிடும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு விதைக்கிழங்கு பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நட்டு, முளைத்து, இலை விட்டு நிற்கிற காலத்தில் விதைக்கிழங்கு பார்க்கப் போகிறவர் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான். ஒரு வாரமாக விதைக்கிழங்கு, ஒரு வாரமாக நானும் தலையாட்டினேன், எங்கேயோ உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டுகிறார், வெயிலில் முகம் கறுத்திருக்கிறது, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். வாசல் கேட்டுக்கு அடிக்க வாங்கிய சிவப்புப் பெயிண்ட் டப்பாவைக் காணோம் என்று சிரானுஷ்மேல்கூடச் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. ஓஸ்மான், உனக்குத் தெரியுமே, கோடைக்கு மேலே ஆடு ஓட்டி வருகிற யசீதி இனத்துக்காரர், அவர் பேசினார். “அக்கா, பயப்படாதீங்க, உங்க வீட்டுக்காரர் எங்க கூடாரத்துல இருக்காரு, உசுருக்கு ஒண்ணுமில்ல, ஆனா எங்க நாய்மேல ரொம்பக் கோவமா இருக்காரு.” நாய் கடிக்கவில்லை, குரைக்கக்கூட இல்லை, அது சும்மா எழுந்து நின்றிருக்கிறது, கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் எழுந்து நின்றால் போதாதா, இவர் பெயிண்ட் டப்பாவோடு பின்பக்கமாகவே நடந்து பாறையில் தடுக்கி விழுந்துவிட்டார். ஓஸ்மான்தான் குதிரையில் உட்கார வைத்து ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் கொண்டுவந்தார், லெர்னிக் போய் அழைத்து வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சட்டையைப் பார்த்து அலறிவிட்டார், இவ்வளவு ரத்தமா என்று. பெயிண்ட் டாக்டர் என்றேன். மலைமேல எதுக்கும்மா பெயிண்ட் என்று கேட்டார். விதைக்கிழங்குக்கு என்றேன், வேறு என்ன சொல்ல?

மாவுக்கட்டு போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நீ போட்டிருந்த வழி முழுக்க அவர் நடந்து பார்த்திருக்கிறார். வழி குழம்புகிற இடத்திலெல்லாம் கல்லில் சிவப்புக் கோடு. ஓடையின் குறுக்கே ஓஸ்மானோடு சேர்ந்து இரண்டு மரத்தைப் போட்டுக் கட்டியிருக்கிறார். நீ கூடாரம் போடுவதாக இருந்த ஒரு இடம் சதுப்பாம், நடுராத்திரியில் மிதப்பீர்களாம், அதனால் கொஞ்சம் தள்ளி மேட்டில் கல் பொறுக்கி இடம் சமப்படுத்தியிருக்கிறார். இதையெல்லாம் செய்தது யார்? இருபது வயதில் வெளிநாட்டுக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போய்ப் பிழைக்கிறேன் என்று நீ சொன்னபோது, “மலைல ஏறி இறங்குறதுக்கு எவன்டா காசு குடுப்பான், ஆடுகூடப் புல்லுக்குத்தான்டா ஏறுது” என்று சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சொன்ன உன் அப்பா, அதே ரஸ்மிக் ஐயா. நீ தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாய், அடுத்த வருடம் விமானம் ஏறினாய், அன்றிலிருந்து போனில் நீங்கள் பேசிக்கொள்வது, நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்ப்பா, அம்மாகிட்ட குடுக்கிறேன், முடிந்தது. மாவுக்கட்டு காய்கிற வரைக்கும் நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவரே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “முப்பது வருஷம் யெரெவானுக்கு வண்டி ஓட்டினேன் கோஹர், அந்த மலை எப்பவும் ஜன்னல்லதான் இருந்துச்சு, ஒரு நாளாவது நிறுத்திட்டு ஏறிப் பாத்தேனா? அஜ்தஹாக் உச்சியில உள்ள அந்தக் குளத்துகிட்ட உக்காந்தேன். காசு குடுப்பானான்னு கேட்டேன்ல. நானே குடுத்திருப்பேன்டி.” அவர் என்னை ‘டி’ போட்டுப் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது, அதனால் உண்மையாகத்தான் சொல்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் அழுதுவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்திருப்பேன், ஆனால் கடைசி இறக்கத்துக்குக் கோடு போடவில்லையாம், மூடுபனி வந்தால் பையன் தவறான பள்ளத்தில் இறங்கிவிடுவானாம், ஒரே புலம்பல், சாப்பாடு இறங்கவில்லை, லெர்னிக்கை அனுப்பலாம் என்றால் அவன் கோடு போடுவதற்குள் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவான். ஆகவே உன் அம்மா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆமாம், ஐம்பத்தெட்டு வயதில். நம் உருளைக்கிழங்கு வயலில்தான் பாடம், இந்த வருடம் மகசூல் கொஞ்சம் குறையும். பின் சீட்டில் உன் அப்பா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, கிளட்ச், கிளட்ச், அய்யோ என் வண்டி என்று கத்திக்கொண்டே வர, நான் ஓட்டிக்கொண்டு மலையடிக்குப் போய், அங்கிருந்து டப்பாவும் கையுமாக நானே ஏறி, மிச்சக் கோட்டைப் போட்டு முடித்தேன். கோணலாக இருப்பதெல்லாம் நான் போட்டது. மேலே என்ன பார்த்தேன் என்று எழுதமாட்டேன், நீ செலவழித்து வருகிறாய், நீயே பார்த்துக்கொள். இறங்கி வந்து நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உன் அப்பா பின்னாலிருந்து, “பாத்தியா?” என்றார். “பாத்தேன்” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் ஒத்துப்போன விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது உன் சாகசத்துக்கு வருவோம். யாரிடமும் உதவி வாங்காமல் தானே வழி கண்டுபிடித்துப் போனதாக அவன் நினைக்கட்டும், அவன் சந்தோஷத்தைக் கெடுக்காதே என்பது உன் அப்பாவின் கட்டளை. ஓஸ்மான் குடும்பம் உன்னை யாரென்று தெரியாத மாதிரி நடந்துகொள்ளும், அவர் மனைவிக்கு மட்டும் நடிப்பு வரவில்லை, ஒத்திகையில் என்னையே பார்த்துச் சிரித்துவிட்டாள். தேநீரும் பாலாடைக்கட்டியும் தருவார்கள், நீ காசு நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார், வாங்கினால் நான் இனிமேல் பேசமாட்டேன் என்று நான் சொல்லியிருக்கிறேன், பாவம் ஓஸ்மான், அவர் ஆட்டை மேய்ப்பாரா எங்களை மேய்ப்பாரா? நாயைக் கட்டி வைப்பார். சிவப்புக் கோடுகளைப் பார்த்தால் எலோடியிடம், அரசாங்கம் போட்டது என்று சொல்லிக்கொள். அரசாங்கத்துக்கும் ஒரு நல்ல பெயர் கிடைக்கட்டும்.

ஆனால் நான் இதையெல்லாம் எதற்காக உடைத்தேன் என்றால், கடைசியாக ஒன்று இருக்கிறது, அதை மட்டும் நீ தெரியாமல் கடந்து போய்விடக்கூடாது. மலை இறங்கி, தார் ரோட்டுக்கு வந்து, கவாருக்கு லிஃப்ட் கேட்கக் கையைக் காட்டுவாய் அல்லவா, அப்போது ஒரு பச்சை ஜீப் வந்து நிற்கும். வேறு வண்டி முந்திக்கொண்டு நின்றால் ஏறாதே. ஓட்டுவது நான், தலையில் முக்காடு, முகத்தைத் திருப்பிக்கொள்வேன், சாகசம் வேண்டும் என்று கேட்டாயே, நான் ஓட்டுகிற வண்டியில் ஏறுவதைவிடப் பெரிய சாகசம் உனக்கு எந்த மலையிலும் கிடைக்காது. பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு ஒரு பெரியவர் இருப்பார். வெளியூர்க்காரனிடம் கேட்கிற மாதிரி உன்னிடம், “எங்கேருந்து வர்றீங்க தம்பி, மேல எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார். ஒரு வாரமாக முகம் மழிக்கும்போது கண்ணாடி முன்னால் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார், ‘வர்றீங்க’ என்பதா ‘வர்றே’ என்பதா என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டுவிட்டார். நீ சிரிக்காதே, அப்பா என்று கூப்பிட்டுக் கட்டிப்பிடித்தும் தொலைக்காதே, அதெல்லாம் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளலாம். கேட்டதற்குப் பதில் சொல். எங்கே ஏறினாய், எங்கே மூச்சு வாங்கியது, ஓடையை எப்படிக் கடந்தாய், குளத்துத் தண்ணீர் என்ன நிறம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல். ஊர் பக்கத்தில்தான், ஆனால் எனக்கு இரண்டாவது கியருக்கு மேல் போடத் தெரியாது, உங்களுக்கு நேரம் போதும்.

உன் நோவெல்லாம் எனக்கே வரட்டும் மகனே, நீயும் அந்தப் பெண்ணும் போகிற வழியெல்லாம் கர்த்தர் கூட வரட்டும், மழை உங்கள் கூடாரத்தை விட்டுப் பக்கத்துப் பள்ளத்தில் பெய்யட்டும். கம்பளிக் காலுறை எடுத்துக்கொள், கோடைதானே என்று நினைக்காதே, மேலே இன்னும் பனி கிடக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். எலோடிக்குச் சதகுப்பைக் கீரை பிடிக்காது என்று லெர்னிக் சொன்னான், இலையில் கறி சுருட்டிச் செய்கிற தோல்மாவில் அதைப் போடமாட்டேன். பிற்பகல் ஏரிக்குப் புறப்பாடு என்கிற வரியை அடிப்பதும் விடுவதும் உன் இஷ்டம், நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, கட்டிலுக்குப் புது விரிப்பு தைத்துவிட்டேன் என்பதை மட்டும் தகவலுக்காக எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ரோட்டில் உன்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி வண்டி நிறுத்தப்போகிற
உன் அம்மா,
கோஹர்