வேலிக்கு அந்தப்புறம் போகும் ஜமீன்

என் மனைவியின் உடன்பிறப்பே, வேலி போட்ட மாவீரனே,

இதை யாரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே எழுதுகிறேன்.

நம் இரண்டு வீடும் நடந்த வண்டித்தடத்தை உன் முந்திரிக்காட்டோடு சேர்த்து வளைத்துக் கம்பிவேலி போட்டாயே, அன்றிலிருந்து நான் உன் முகத்தில் விழிப்பதில்லை. என் நாய் ஜமீனுக்குத்தான் அந்த ரோஷம் இல்லை. தினமும் உடையார்பாளையம் ரோட்டு டீக்கடை வரைக்கும் என்னை வாக்கிங் இழுத்துப்போகிறது. "நாய் உள்ள வரட்டுங்க, நீங்க வெளிய நில்லுங்க" என்கிறார் கடைக்காரர். திரும்பும்போது கயிற்றை உருவிக்கொண்டு, வேலிக்கடியில் நுழைந்து, உன் மோட்டார் கொட்டகைக்கு ஓடிவிடுகிறது.

நீ கறிச்சோறு போட்டுப் போட்டு அது யானையாகிவிட்டது. முந்தாநாள் ஒரு சிமெண்டு லாரி அதற்கு வழிவிட்டு வயலில் இறங்கியது. அது விட்ட ஏப்பத்தில் தா.பழூர் வரை கரண்ட் போனது. என் நாயை மயக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? இனி ஒரு பருக்கை போட்டாலும் பஞ்சாயத்தைக் கூட்டுவேன். உன் அக்கா அழுதாலும் இறங்கிவர மாட்டேன்.

யானை, லாரி, கரண்ட் எல்லாம் என் புளுகு. ஆனால் நேற்று நான் வேலியோரம் மறைந்து நின்றபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே நீ அதனிடம், "ஏன்டா, மாமா சுகர் மாத்திரைய ஒழுங்கா போடுறாரா?" என்று கேட்டாயே, அது மட்டும் நிஜம்.

போடுகிறேன் என்று நாயிடமே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் ஜென்ம எதிரி,
உன் அக்கா புருஷன்