ஐஸ் பிளாஸ்கும் மன்னியும்

மேடம் (மலையாளச் சித்திரை) 9, புதன். கொச்சி, மட்டாஞ்சேரி

விடியும்போதே புழுக்கம். மழை வருகிற மாதிரி பாவனை காட்டிவிட்டுப் போய்விட்டது. எதிர் கிடங்கில் சுக்கு மூட்டை இறக்குகிறார்கள். வீடு முழுக்கக் காரம், தும்மல்.

எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்திப் பழகினேன். இத்தனை நாள் அடுத்த வீட்டு அன்னம்மா சிஸ்டர்தான் காலையில் வந்து இன்சுலின் போட்டுவிட்டுப் போவாள். பம்பாய்க்கு அவள் வருவாளா? அங்கே மகள் கமலாவுக்கு இதுதான் பிரசவ மாசம். பெற்றவள் போகாமல் யார் போவது. முன்பு ஒரு தடவை ஊசி விட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே போய் அப்படி விழுந்தால் அவள் பிள்ளை பெறுவாளா, என்னைத் தூக்குவாளா.

"பேடிக்கண்டா அம்மே, பயப்படாதீங்க. பழத்தைக் குத்தற மாதிரிதான் தொடையும்" என்றாள் சிஸ்டர்.

"பழம் கத்தாதுடீ."

"அம்மையோட நாக்கைவிட இந்த ஊசி ஒண்ணும் கூர்மையில்லை."

சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சொன்னதுதான். மறக்கமாட்டேன்.

எடுத்துப்போக: கண்ணாடி சிரிஞ்ச், ஊசிகள், கொதிக்க வைக்கிற ஸ்டீல் டப்பா. ஸ்பிரிட், பஞ்சு. டாக்டர் கொடுத்த சீட்டு. வாய் அகன்ற பிளாஸ்க். கமலாவுக்குச் சுக்குப்பொடி, நெய், பழைய வேஷ்டித் துணி.

மருந்து பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பிளாஸ்கில் ஐஸுக்கு நடுவில் வைக்க வேண்டுமாம். சூடு பட்டால் கெட்டுவிடும். ஐஸோடு ஒட்டி உறைந்தாலும் கெட்டுவிடும். பச்சைக் குழந்தைகூட இவ்வளவு படுத்தாது.

மகன் மணி, மீன் கம்பெனியிலிருந்து ஐஸ் வாங்கி வந்தான். மீன் ஐஸ் என் பையில் ஏறாது என்றேன். "மருந்தே மாட்டு வயித்துலேர்ந்து எடுக்கறது. அதுக்கு மீன் ஐஸ் ஆகாதாம்மா?" என்கிறான் பெற்ற பிள்ளை. அது எனக்கும் பகவானுக்கும் தெரிந்தது, பேசித் தீர்த்தாயிற்று. கடைசியில் சர்பத் கடை ஐஸ்.

மேடம் 10, வியாழன். பாலக்காடு, கல்பாத்தி

கொச்சி விமானத்தில் இடம் இல்லை. கோயமுத்தூரிலிருந்து ஏறவேண்டும். போகிற வழியில் அண்ணா வீட்டில் இரண்டு ராத்திரி. நாளைக்கு அண்ணா பிறந்தநாள். மணிதான் அம்பாசிடர் ஓட்டினான். திருச்சூர் தாண்டி ஒரு இடத்தில் நிறுத்தி ஐஸ் மாற்றினோம். பாட்டில் பத்திரம்.

மன்னி வாசலுக்கு வந்தாள். அண்ணா பெண்டாட்டி. இளைத்துவிட்டாள். மடி ஆசாரம் மட்டும் இளைக்கவில்லை, ஈரப்புடவையோடு எட்டி நின்றே "வா ஜானகி" என்றாள்.

மருந்து எதிலிருந்து வருகிறது என்று இவளுக்குத் தெரிந்தால் பிளாஸ்கோடு என்னையும் தெருவில் வைப்பாள். வியாதியே இவளுக்குத் தெரிய வேண்டாம் என்று மணியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம். ஊருக்குப் போகிறவர்கள் பிளாஸ்கை வெறுமே எடுத்துப்போக முடியாது. கேட்காமலே காபி ஊற்றி வைத்துவிடுவார்கள். மன்னி காபி, பாயசம் மாதிரி தித்திக்கும். ஊரே சொல்லும். எனக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. அப்போது கமலா கைக்குழந்தை, உடம்பு அனலாகக் கொதிக்கிறது, நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். "பால் திரிஞ்சு போச்சு ஜானகி" என்றாள். உள்ளேயிருந்து டிகாஷன் மணம் வந்தது. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மாம்பழக் கலர், பச்சைக் கரை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

மேடம் 11, வெள்ளி

எல்லோரும் எழுந்திருக்கும் முன்னால் கொல்லைப்பக்கம் போனேன். குளியல் வெந்நீர் அடுப்பில் சிரிஞ்ச் டப்பாவைக் கொதிக்கவைத்து, கதவைத் தாழ்போட்டு, நானே குத்திக்கொண்டேன். கத்தவில்லை.

பிறந்தநாள் சாப்பாடு. ஓலன், எரிசேரி, பலாப்பழப் பாயசமான சக்கைப் பிரதமன். பந்தியில் எல்லார் இலையிலும் பிரதமன் விட்டுக்கொண்டே வந்த மன்னி என் இலையைத் தாண்டிப் போனாள். பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டுத்தான் தாண்டினாள். பக்கத்து இலைக்காரி வேறு, "மாமிக்கு விடலையே" என்றாள். "அவளுக்கு மோர் கொண்டுவரேன்" என்று மன்னி உள்ளே போய்விட்டாள். நான் சாப்பிடமாட்டேன், அது வேறு. விட்டால் வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவன் பிறந்தநாளில் எனக்கு மோர்.

அண்ணாவுக்குக் காது போய்விட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மணி சாயங்காலம் சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்தான். நல்ல பிள்ளைதான்.

மேடம் 12, சனி. விமானத்தில்

எழுத்து கோணுகிறது, ஆட்டம்.

காலையில் கொல்லைக்குப் போனால் வெந்நீர் அடுப்பில் தணல் தயாராக இருந்தது. பக்கத்தில் தேய்த்த சின்னக் கிண்ணம், தண்ணீரோடு. வேலைக்காரி வைத்திருப்பாள் என்று நினைத்தேன். ஊசி போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தேன். அதற்குள் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள்.

கார் கிளம்பும்போது மன்னி ஜன்னல் பக்கம் வந்தாள். "எல்லாம் பையில வெச்சிருக்கேன், ஜானகி. வழியில மறந்துடாதே" என்றாள். நான் "ம்" என்றேன். பிரதமன் ஞாபகம்.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் மணியை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே திரை போட்ட அறை. போலீஸ்காரப் பெண், சின்ன வயசு. சிரிஞ்ச் டப்பாவைத் திறந்ததும் முகம் மாறியது.

"என்னங்க பாட்டி, ஊசியெல்லாம் வெச்சிருக்கீங்க?"

டாக்டர் சீட்டைக் காட்டினேன். படித்தாள். "சரிங்க. மருந்து எங்கீங்க?"

"பிளாஸ்க்ல. ஐஸ்குள்ள இருக்கு. மெதுவாத் திற, கொட்டிடாதே."

திறந்தாள். ஆவி வந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

"பாட்டி, ஐஸுன்னீங்க, காப்பி வாசமடிக்குதுங்க?"

"பாவி, காபி ஊத்திட்டாளே! மருந்தைக் கொட்டிட்டு ஊத்திட்டாளே!" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய் என்னை உட்கார வைத்தாள். வாழ்நாளில் ஒரு தரம் எனக்குக் காபி தரத் தோன்றியது, அதுவும் இன்றைக்கா. மருந்து இல்லாமல் கமலா வீட்டில் போய் விழப்போகிறேன்.

"யாருங்க ஊத்துனது, மருமகளுங்களா?"

"மன்னி. அண்ணா பெண்டாட்டி."

"கெட்ட எண்ணத்துல யாராச்சும் காப்பி போட்டுக் குடுப்பாங்களா? இருங்க, அழாதீங்க." பையை அடிவரை துழாவினாள். ஓரத்திலிருந்து ஒரு துணி முடிச்சு. உள்ளே பாட்டில், ஒரு விபூதிப் பொட்டலம். பாட்டில் உடையவில்லை. ஆனால் வெதுவெதுப்பு. பாலக்காட்டிலிருந்து காரில் வெயில் பட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

"இதானுங்களே?"

இதுதான். போடலாமா கூடாதா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஏறு என்றார்கள், ஏறிவிட்டேன்.

அழகான பெண் ஒருத்தி மிட்டாய்த் தட்டு நீட்டினாள். வேண்டாம் என்றேன். கீழே மேகம், அரைத்த தேங்காயைக் கொட்டிவிட்ட மாதிரி. பயம் இல்லை. கோபம்தான். தாகம் வேறு. பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்தேன், துப்பிவிடலாம் என்றுதான், தித்திக்குமே.

தித்திக்கவில்லை.

இன்னொரு வாய். நல்ல திக்கான பால், முதல் டிகாஷன். சர்க்கரை ஒரு துளி இல்லை.

மன்னி மறக்கிறவள் இல்லை. அப்படியானால் என் வியாதி தெரியும், கொல்லையில் பார்த்திருப்பாள். தணலும் கிண்ணமும் வேலைக்காரி வைத்தது இல்லை. பிரதமனைத் தாண்டியதும் அதனால்தான்.

துணி முடிச்சை எடுத்துப் பார்த்தேன். மாம்பழக் கலர் வெளுத்துப்போயிருக்கிறது. பச்சைக் கரை. மடிப்புடவையில் கிழித்தது. குளித்த கையால் அந்தப் பாட்டிலை எடுத்து, துடைத்து, முடிந்திருக்கிறாள். அது எதிலிருந்து வந்தது என்று தெரிந்து தொட்டாளா, தெரியாமல் தொட்டாளா. ஐஸ் எதற்கு என்று மட்டும் தெரியவில்லை அவளுக்கு. ஈரம் ஆகாது என்று நினைத்திருப்பாள். என்னைக் கேட்டிருக்கலாம். நான்தான் பேசுகிற முகமாக இல்லையே, அவள் எப்படிக் கேட்பாள்.

காபி பாதிக்கு மேல் குடித்துவிட்டேன். பக்கத்து சீட்டு ஆள் பார்க்கிறான். பார்க்கட்டும்.

மேடம் 12, சாயங்காலம். பம்பாய்

கமலா மூட்டை மாதிரி இருக்கிறாள். கால் வீக்கம். "வந்துட்டியாம்மா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

மாப்பிள்ளை மருந்துக்கடைகளில் அலைந்து வந்தார். இன்சுலின் இல்லையாம், திங்கட்கிழமை வருமாம். கீழ்வீட்டு டாக்டரிடம் பாட்டிலைக் காட்டினேன். விளக்கில் பிடித்து ஆட்டிப் பார்த்தார். தெளிவாக இருக்கிறது, கட்டி இல்லை, ஒரு பகல் சூட்டில் கெட்டுவிடாது, காலையில் போட்டுக்கொள்ளுங்கள், சாயங்காலம் மூத்திரம் சோதிக்கலாம் என்றார். அவர் சொன்ன பிறகும் எனக்கு நம்பிக்கை பாதிதான். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தேன். துணியோடேயே.

மேடம் 13, ஞாயிறு

விடியற்காலையிலேயே கமலாவுக்கு வலி கண்டுவிட்டது. மாப்பிள்ளை டாக்ஸிக்கு ஓடினார். டப்பாவைக் கொதிக்கவைத்தேன். முடிச்சை அவிழ்த்து, மருந்தை ஏற்றி, குத்திக்கொண்டேன். இரண்டு இட்லி. பிளாஸ்கைக் கழுவினேன், காபி மணம் போகவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் காபி ஊற்றிக்கொண்டேன், சர்க்கரை போடாமல்.

கல்பாத்திக்கு ஒரு கார்டு போட வேண்டும். குழந்தை விஷயம், மருந்து விஷயம். பிரதமனை அப்படிப் பந்தியில் தாண்டியிருக்க வேண்டாம், காதோடு சொல்லியிருக்கலாம், அதையும் எழுதத்தான் போகிறேன். டாக்ஸி ஹாரன் அடிக்கிறது.