மஞ்சள் மேல்சட்டையில் அடித்த கோல்

அக்கா,

கல்லூரி விளையாட்டு அறையின் இரும்பு அலமாரியை இன்று திறந்ததும் ஈர மண்ணும் ரப்பரும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. அடியில் அந்த மஞ்சள் மேல்சட்டை.

வெளியே பெயின்டர் காத்திருந்தார். நம் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர்களுக்குப் பலகை வைக்கிறார்கள். முதல் பெயர் உங்களுடையது. அதற்கு நேரே எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்று எழுத வேண்டும். வெற்றியும் தோல்வியும் சமமாக வருகின்றன, மிச்சமிருக்கும் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் குழப்பம். அலுவலகத் தாளில் அது வெற்றி, உங்கள் நோட்டில் தோல்வி. கேட்க நீங்கள் இல்லை. பழைய ஆட்டக்காரி என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

அன்று பாண்டுப்பிலிருந்து நம் மாட்டுங்கா மைதானத்துக்கு வர வேண்டிய அணி. மும்பை மழையில் ரயில் நின்றுவிட, ஆறு பெண்கள் மட்டும் சயானிலிருந்து நடந்தே வந்தார்கள். ஆள் போதாது, ஆடாமலே நமக்கு வெற்றி என்று நடுவர் எழுதிவிட்டார். நாங்கள் கைதட்டினோம். நீங்கள் தட்டவில்லை.

“முழங்கால் தண்ணில நடந்து வந்த பிள்ளையள அப்படியே திருப்பி அனுப்பவா?”

தாராவியிலேயே பிறந்தும் உங்கள் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை. பெஞ்சில் இருந்த ஐந்து பேரையும், என்னையும் சேர்த்து, அவர்கள் பக்கம் ஆட அனுப்பினீர்கள். நான் அப்போதும் புத்தகத்துக்குள் இருந்தேன். அந்த வருடம் ஓர் ஆட்டத்தில்கூட என்னை நீங்கள் இறக்கியதில்லை.

“ஏட்டி, புத்தகத்த மூடு. இந்தா மஞ்ச சட்ட. நம்மள தோக்கடிச்சுக் காட்டு.”

“நிஜமாவா அக்கா?”

“பொய்யா ஓடுனா நாளைக்கு பெஞ்சும் கெடையாது.”

ஓடினேன். கடைசி நிமிடத்தில் பந்து சேற்றில் சிக்கி நின்றது; நம் கோல்கீப்பர் வழுக்கி விழுந்தாள். உதைத்தேன். ஆட்டத்தின் ஒரே கோல். அந்த ஆறு பேரும் என்மேல் விழுந்து கட்டிக்கொள்ள, நான் பயந்துபோய் உங்கள் முகத்தைத் தேடினேன். குடையை எறிந்துவிட்டு ஓடிவந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தீர்கள்.

“ஒன்னப் போயி பெஞ்சில வச்சேன் பாரு, என்னயச் சொல்லணும்.”

அதன் பிறகு நான் பெஞ்சில் உட்காரவே இல்லை.

“மேடம், ஜெயிச்சதா தோத்ததா? ப்ரஷ் காயுது” என்றார் பெயின்டர்.

வெற்றி என்றால் உங்கள் பெயருக்கு நேரே தோல்விகளைவிட வெற்றி ஒன்று கூடுதலாக இருக்கும். அலுவலகத் தாளைக் காட்டினால் போதும், யாரும் எதிர்க்கேள்வி கேட்கப்போவதில்லை. நோட்டை மறுபடி திறந்தேன். ‘தோல்வி’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. கோல் அடித்தவள் என்று என் பெயர். வேறு எந்தப் பக்கத்திலும், எந்த வெற்றிக்கும், நீங்கள் கோடு போட்டிருக்கவில்லை.

“தோல்வின்னே எழுதுங்க.”

“அடடா. யாருகிட்ட தோத்தாங்க?”

“என்கிட்ட.”

அவர் ப்ரஷோடு திரும்பிப் பார்த்தார். மஞ்சள் மேல்சட்டை அதற்குள் என் பைக்குள் போயிருந்தது, அக்கா.