ரோந்துக்கு வாங்கிய சைக்கிள்

ஓபர்டால், டிரோல்
செப்டம்பர், மாடுகள் மலையிறங்கும் வாரம்

அன்பு மகள் மக்டலேனாவுக்கு அப்பா எழுதுவது. கடல் பல தாண்டி நியூசிலாந்தில் இருக்கும் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் மாடுகளும் சுகம், என் இடது காறை எலும்பு ஒன்றைத் தவிர. அதைப் பற்றி உனக்கு ஏற்கெனவே செய்தி வந்திருக்கும். பேக்கரி அன்னேலீஸ் தன் மகளிடம் சொல்லி, அவள் உன்னிடம் சொல்லி, நான் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உருண்டேன் என்று கேள்விப்பட்டிருப்பாய். நான் உருளவில்லை, சறுக்கினேன். இருபது வருடமாகக் காட்டு உரிமையாளர் சங்கத் தலைவராக இருப்பவன் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், நீயே படித்து முடிவு செய்துகொள்.

மேய்ச்சல் மேட்டிலிருந்து லார்ச் மரங்களுக்குள் வளைந்து வளைந்து ஓடைவரை இறங்கும் நம் ஒற்றையடிப் பாதை உனக்கு நினைவிருக்கும். அதன் இரண்டு முனையிலும் சைக்கிளுக்குத் தடை என்று பலகை அடித்தவன் நான்தான். காட்டுக்கோழிகள் நிம்மதியாக முட்டையிட வேண்டும், அதுதான் காரணம். பக்கத்திலேயே மரம் அறுக்கும் இயந்திரம் ஓடுகிறதே, வேட்டைக்காலத்தில் துப்பாக்கி வெடிக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். கோழிகளுக்கு அதெல்லாம் பழகிவிட்டது, சைக்கிள்தான் பழகவில்லை என்று பதில் சொன்னேன். இந்த வருடம் பனி உருகியதும் போய்ப் பார்த்தால் பலகைக்கு நேர் கீழே டயர் தடம், அதுவும் ஒன்றல்ல, இரண்டு. துடைத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் மறுபடியும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உன் அம்மா செய்த க்னோடல் உருண்டையைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மீதியை அவளே சாப்பிட்டாள். சங்கச் செயலாளர் ரூபர்ட்தான் வழி சொன்னார். "தலைவரே, நடந்து போய்ப் பிடிக்க முடியாது, ஜீப் உள்ளே நுழையாது. அவன் எதுல வரானோ அதுலதான் நாமளும் போகணும்" என்றார்.

மின்சார மலை சைக்கிளைப் பற்றி என் கருத்து ஊரறிந்தது. மிதிக்கச் சோம்பல்படுகிறவனுக்கு பேட்டரி, குலுங்கச் சோம்பல்படுகிறவனுக்கு முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் என்று போன கோடையில் தீயணைப்புப் படை விழாவில் மேடையேறியே பேசியிருக்கிறேன். ஆனாலும் கடமை என்று வந்தால் சொந்தக் கருத்தை ஒதுக்கி வைக்கத்தானே வேண்டும். செராஃபின் கடைக்குப் போனேன், முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டும் குதித்துக் குதித்து இறங்கும்படியான கறுப்பு வண்டி ஒன்றை எடுத்து வைத்தான். முட்டி ஆபரேஷன் ஆன உங்களுக்கு இதுதான் சரி என்றான். முட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது ரோந்து வாகனம் என்று விளக்கினேன். "எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுத்தான் வாங்குறாங்க தலைவரே. டாக்டர் சொன்னாரும்பாங்க, பேரனுக்குத் துணைக்கும்பாங்க. ரோந்துங்கிறது இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றான். வியாபாரிகளுக்கு மரியாதை குறைந்துவிட்டது, வேறென்ன சொல்ல.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவளோ வாசலுக்கு வந்து, "ஏறி ஒக்காரு பாப்போம்" என்றாள். உட்கார்ந்தேன். குனிந்து பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்து, "உன் தொப்பைக்கு இந்தக் காத்து பத்தாது கசியன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியிலிருந்த பம்பை எடுத்துப் பின் சஸ்பென்ஷனுக்கு அவளே காற்றடித்தாள். பால் கறக்கும் இயந்திரத்தோடு பழகியவளுக்கு எல்லா இயந்திரமும் புரியும் போலிருக்கிறது என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மோட்டாரில் பேட்டரியை மிச்சப்படுத்த ஈக்கோ, அவசரத்துக்கு டர்போ என்றெல்லாம் இருக்கிறது. அதை அவளுக்கு விளக்கியபோது, "நீ எப்பவும் ஈகோலதானே ஓட்டுறே, அதுலயே ஓட்டு" என்றாள். படிக்கத் தெரியாமல் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு தினமும் ரோந்து. மழை பெய்தாலும் ரோந்து. காட்டில் வேலையில்லாத நாளில் பக்கத்துப் பள்ளத்தாக்கு வரை ரோந்து. முட்டி கெட்டதிலிருந்து ஏறாத மேய்ச்சல் மேட்டுக்கு ஒரு காலை ஏறிப் போய் நின்றேன் மகளே, மூச்சு வாங்கவில்லை, காலுக்கடியில் ஊர் முழுக்கத் தெரிந்தது, கண்ணில் ஏதோ பூச்சி விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அதைச் சங்க அறிக்கையில் எழுதவில்லை.

வியாழக்கிழமைகளில்தான் தடம் புதிதாக விழுகிறது என்று கண்டுபிடித்தது என் ரோந்தின் பலன். உன் அம்மா வியாழன் பிற்பகல் தேவாலயப் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விடுவாள், எனவே நான் எங்கே போகிறேன் என்று கேட்க ஆளில்லை. ஆகஸ்டில் ஒரு வியாழன் மேல் பலகைக்குப் பின்னால் மரத்தடியில் மறைந்து நின்றேன். இரண்டு பேர் வந்தார்கள், முகத்தை மூடிய ஹெல்மெட், கண்ணாடி, உடம்பெல்லாம் சேறு. முதல் ஆள் வேர்களின் மேல் மலையாடு மாதிரி தாவி இறங்கியதைப் பார்த்தேன், குற்றவாளி என்றாலும் திறமைசாலி என்று அப்போதே நினைத்தேன். சங்கத்தின் பெயரால் நில்லுங்கள் என்று கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தேன். இறக்கத்தில் பொத்தானை அழுத்தி சீட்டைத் தாழ்த்த வேண்டும் என்று செராஃபின் சொல்லியிருந்தான், ஆனால் அதிகாரத்தில் இருப்பவன் உயரத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அழகு என்று நான் அதைத் தொட்டதே இல்லை. மூன்றாவது வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தேன், வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. தோள் எங்கோ மோதியது, பிறகு சரிவில் சறுக்கி, ஓடைக்கு மேலே பாறை முடிகிற இடத்தில் ஒரு பைன் புதரை வலது கையால் பற்றிக்கொண்டு கிடந்தேன். கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் காட்டுக்கோழி நினைவு வரவில்லை, உன் நினைவும் உன் அம்மா நினைவும்தான் வந்தது.

மேலிருந்து ஒருவர் படுத்தபடியே நகர்ந்து வந்து என் பெல்ட்டைப் பிடித்தார். "கையை விடாதே. அசையாதே. நான் சொல்ற வரைக்கும் பேசாதே" என்ற குரல் கேட்டதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஹெல்மெட்டுக்குள் உன் அம்மா. அவள் காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் கிடந்தது அன்னேலீஸ். இருவரும் சேர்ந்து என்னை இழுத்துப் பாதையில் போட்டார்கள். உன் அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டாள், உடனே, "என்ன தலைவரே, மூச்சு வாங்குதா" என்றாள். பாட்டுப் பயிற்சி என்றாயே பூர்கி என்று உன் அம்மாவைக் கேட்டேன். "பாடிக்கிட்டுத்தான் இறங்குறோம்" என்றாள் அன்னேலீஸ். உன் அம்மா இரண்டு வருடமாக ஓட்டுகிறாளாம், வண்டி பேக்கரி மாவுக் கிடங்கில் இருக்கிறதாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றதற்கு, "நீ மேடையேறி எங்களைத் திட்டிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி சொல்லலாம்னுதான் இருந்தேன், பேச்சு எப்படி இருந்துச்சுன்னு கேட்டே, நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்" என்றாள். அந்த நேரம் பார்த்துத் தோள் வலி கூடிவிட்டது, மீட்புக் குழுவைக் கூப்பிடச் சொன்னேன்.

மீட்புக் குழு வருவதற்குள் என்னைக் கொஞ்சம் தள்ளித் தார்ச்சாலையில் கிடத்தினால் நன்றாக இருக்கும் என்று யோசனை சொன்னேன், அடுத்த வாரம் பொதுக்கூட்டம் அல்லவா, அதுவும் அந்தப் பாதையைத் திறக்கச் சொல்லி அன்னேலீஸ் கொடுத்த மனு விவாதத்துக்கு வருகிறது. "உன்னைத் தூக்கிட்டு எங்க வேணும்னாலும் வரேன், பொய்யைத் தூக்க மாட்டேன்" என்று உன் அம்மா மறுத்துவிட்டாள். எனவே தடைப் பலகை அடித்த தலைவரைத் தடை செய்த பாதையிலிருந்து ஸ்ட்ரெச்சரில் ஊர் நடுவே தூக்கி வந்தார்கள். எலும்பை விட அதுதான் வலித்தது.

கூட்டத்துக்குக் கட்டுப்போட்ட தோளோடு போனேன். ரூபர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூன்று பேர் பாதையில் அத்துமீறியதாகத் தகவல் என்று வாசித்தார். இதுவரை எல்லாக் கூட்டத்திலும் உன் அம்மாவின் காட்டுப் பங்குக்கும் சேர்த்து நான்தான் கை தூக்குவேன், அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். இம்முறை போட்டுத் தரவில்லை, நேரில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அன்று நடந்தது ஓர் ஆய்வுப் பணி, பெண்கள் இருவரும் எனக்கு உதவியாக வந்தவர்கள் என்று நான் ஆரம்பித்தேன். அவள் எழுந்தாள். "ஆய்வும் இல்ல, உதவியும் இல்ல. நல்லா இருக்கு, அதனால ஓட்டுறோம். அவரும் அதனாலதான் ஓட்டுறாரு, கேளுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். சிரித்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன், யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாக்கெடுப்பில் திறக்க வேண்டும் என்போரும் கூடாது என்போரும் சரிபாதி. தலைவர் வாக்குத்தான் மிச்சம். காட்டுக்கோழிகளின் நீண்டகால நலன் குறித்து ஒரு சிறிய உரை தயாராக இருந்தது, அதை இரண்டு பக்கத்துக்கும் சாதகமாகப் பயன்படுத்த முடியும். உரையைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டு, ஆமாம், நல்லாத்தான் இருக்கு என்று மட்டும் சொல்லித் திறப்பதற்குக் கை தூக்கினேன். கோழிகள் முட்டையிடும் மாதங்களில் மட்டும் பாதை மூடியிருக்கும், அது அன்னேலீஸ் மனுவிலேயே இருந்ததாம், நான் அதைப் படித்திருக்கவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். பாதைக்கு ஒரு கண்காணிப்பாளர் வேண்டும், ஓட்டத் தகுதியில்லாதவர்களைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று ரூபர்ட் விதியை வாசித்தார், எல்லோரும் ஒரே குரலில் உன் அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் பதவியேற்ற பிறகு பிடித்த முதல் ஆள் நான். ஒரு கையால் ஓட்டிப் பால் சங்கம் வரைதான் போனேன், அதுவும் மெதுவாக. வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் பூட்டி, அதன் சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தரமாட்டாளாம். நான் தலைவர் என்று சொல்லிப் பார்த்தேன், விதி எல்லோருக்கும் ஒன்று என்று சங்கத்தில் நான் எப்போதும் சொல்லும் வார்த்தையையே என்னிடம் சொல்கிறாள். அவள் வியாழன்தோறும் கிளம்பிப் போகிறாள், நான் ஜன்னலில் நிற்கிறேன். மகளே, நீ சொன்னால் அவள் கேட்பாள். எலும்பு கூடிவிட்டது, கையை நன்றாகத் தூக்க முடிகிறது, கோடை கொஞ்சம்தான் பாக்கி இருக்கிறது என்று உனக்காகத் தோன்றியது போல ஒரு வார்த்தை எழுது. நான் சொல்லி எழுதுகிறாய் என்று தெரிய வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் எடுத்த காரியமெல்லாம் நல்லபடி நடக்க, கடவுள் துணை நிற்கட்டும். அங்கே வசந்தம் தொடங்கியிருக்கும், காற்று ஈரமாக இருந்தால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மாவுக்குத் தனியாக எழுத மறக்காதே, சாவி ஏப்ரனின் இடது பையில் இருக்கிறது.

என்றும் உன் நலம் வேண்டும் அப்பா,
கசியன்
தலைவர், காட்டு உரிமையாளர் சங்கம்