கயிறில்லாத ஸ்கிப்பிங் கயிறு

யிவூ, மே 12

அன்பு மகள் யான்ச்சிங்குக்கு, அப்பா எழுதுவது. இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் என் முகத்தையே பார்த்ததாக வைத்துக்கொள். நான், உன் அம்மா, தங்கை மீலி மூவரும் சௌக்கியம், லிமாவில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவாள், அதனால் நீ கேட்ட தேயிலையோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

சந்தை இந்த வருடம் சுமார்தான், ஆனால் நம் கடையில் ஸ்கிப்பிங் கயிறு மட்டும் பறக்கிறது, அதற்குப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். மீலி மாதிரி இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போது உடற்பயிற்சியிலும் வீட்டுப்பாடம். தினமும் ஒரு நிமிடம் கயிறு குதித்து, அதை வீடியோ எடுத்து வகுப்புக் குழுவில் போட வேண்டும், எண்ணிக்கையைப் படிவத்தில் எழுதிப் பெற்றோர் கையெழுத்தும் போட வேண்டும். பிள்ளை குதிப்பது ஒரு நிமிடம், அதைப் படமாக்கி அனுப்பப் பெற்றவர்களுக்கு ஒரு மணி நேரம். நாட்டின் உடல்நலம் நன்றாக வளர்கிறது, குறிப்பாக என் கட்டைவிரலின் உடல்நலம். நாற்பது நாட்டுக்குக் கயிறு அனுப்புகிறவன் பெண்ணுக்கு முப்பது சொச்சத்துக்கு மேல் வரவில்லை. கயிறு ஒரு பக்கம் போனால் இவள் கால் இன்னொரு பக்கம் போகிறது. மற்ற பிள்ளைகளெல்லாம் நூற்றிருபது, நூற்றைம்பது. மீலியின் வீடியோவுக்குக் கீழே ஒரு புண்ணியவதி, "பரவாயில்ல கண்ணு, நீ படிப்புல கெட்டியா வருவே" என்று ஆறுதல் எழுதியிருந்தாள். போதாக்குறைக்குக் கீழ் வீட்டு சூ பெரியவர் கம்பால் தன் வீட்டுக் கூரையைத் தட்டிவிட்டு மேலே ஏறி வந்து, "ஏன்யா ஜின், வீட்டுக்குள்ள குதிரை வளக்கிறியா" என்று கேட்டார்.

அப்போதுதான் என் வியாபார மூளை வேலை செய்தது. கடைக்குப் புதிதாகக் கயிறில்லாத ஸ்கிப்பிங் கயிறு வந்திருக்கிறது. இரண்டு கைப்பிடி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சாண் நூல், அதில் ஒரு குண்டு, அவ்வளவுதான். கையைச் சுழற்றினால் கைப்பிடியே எண்ணிக்கொள்ளும், காலில் சிக்க எதுவும் கிடையாது. பாயை விரித்து அதன் மேல் மெல்லத் துள்ளச் சொன்னேன், மீலி முதல் நாளே நூற்று அறுபத்தெட்டு. கொஞ்சம் தள்ளி நின்று, விளக்கை மங்கலாக்கி வீடியோ எடுத்தேன், சரக்கைப் படம் பிடித்து விற்றுப் பிழைக்கிறவனுக்கு அதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அப்பா, இது ஏமாத்துறது இல்லையா" என்று மீலி கேட்டாள், "எண்ணுறது மெஷின்தானே, நாம இல்லையே" என்றேன். கயிறு எங்கே என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. வேகத்தில் கயிறு கண்ணுக்குத் தெரியாது என்று படித்தவர்கள் தாங்களாகவே விளக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

ஒன்பது நாள் இப்படிப் போனது. பத்தாம் நாள் பான் டீச்சர், மீலியைப் பள்ளி அணிக்கு எடுத்திருப்பதாகவும் வெள்ளிக்கிழமை மைதானத்தில் எல்லா வகுப்புக்கும் முன்னால் அவள் குதித்துக் காட்டுவாள் என்றும் குழுவில் எழுதிவிட்டார். முப்பத்தெட்டு பெற்றோர் கைதட்டும் படம் அனுப்பினார்கள். உன் அம்மா, "நீங்கதானே பெரிய வியாபாரி, வித்த சரக்க இப்பத் திருப்பி எடுங்க பாக்கலாம்" என்றாள். மீலி அன்று சோற்றைத் தொடவில்லை, சிரிப்பார்கள் சிரிப்பார்கள் என்று போர்வைக்குள்ளிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை, தெரிந்த டாக்டரிடம் கால் சுளுக்கு என்று ஒரு சீட்டு வாங்கி வந்தேன். உன்னிடம் மறைப்பானேன், உன் காலத்திலும் இப்படி ஒரு படிவம் வந்தது, முப்பது நாளைக்கும் முதல் நாளே ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டேன். நீ குதித்தாயா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சீட்டை அவள் பையில் வைத்துவிட்டு, மற்ற பெற்றோரோடு மைதானத்து ஓரமாக நின்றேன். அவள் சீட்டை எடுக்கவே இல்லை. பள்ளிக் கயிற்றை வாங்கிக் குதித்தாள், ஏழெட்டு முறை சிக்கி, முப்பத்திநாலு. பிள்ளைகள் சிரித்தார்கள். "என்னாச்சும்மா, கால் வலிக்குதா" என்று பான் டீச்சர் கேட்டார். இவள், "வலி இல்ல டீச்சர், நூத்தி அறுபத்தெட்டு எங்க அப்பா கடைச் சரக்கு, எனக்கு முப்பத்திநாலுதான் வரும்" என்றாள். அத்தனை பெற்றோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் மறுநாள் கடைக்கு வந்து, அந்தச் சரக்கு இருக்கிறதா என்று காதோடு கேட்டது வேறு விஷயம். தீர்ந்துவிட்டது என்றேன், உன் அம்மா பக்கத்தில் நின்றாள்.

அணியில் மீலிக்குக் கிடைத்த இடம் போய்விட்டது. எனக்கும் அழைப்பு வந்தது, எத்தனையோ அதிகாரிகளை உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பியவன், பான் டீச்சர் எதிரே குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் முட்ட உட்கார்ந்தேன். "பொண்ணு மேல குத்தமில்ல ஜின் ஐயா, வீட்டுப்பாடம் உங்களுக்குத்தான்" என்றார். ஒரு மாதம் அப்பாவும் பெண்ணும் நிஜக் கயிற்றில் குதிக்க வேண்டும், என் எண்ணிக்கையை அவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் நடக்கிறது, சூ பெரியவர் முக்காலி போட்டு வேடிக்கை பார்க்கிறார், டிக்கெட் விற்காததுதான் பாக்கி.

நேற்று மீலி நாற்பத்தொன்று, நான் பதினான்கு. பழக்கதோஷம், "பதினால நாப்பதுன்னு போடு, யார் பாக்கப்போறா" என்று பேரம் பேசிப் பார்த்தேன். அவள் தலை நிமிராமல் பதினான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாளைக்குப் பதினஞ்சு வரும், அவசரப்படாதப்பா" என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி முழுக்க வேலை பார்க்காதே, நீ எடுத்ததெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். உன் அம்மா என்னைப் படம் பிடித்து ஏதாவது அனுப்பினால் தயவுசெய்து திறக்காதே.

இப்படிக்கு,
இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் உன் அப்பா,
ஜின் பாவ்கென்